அக்காவின் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எதைப் படிப்பது?

கேள்வி: டாக்டரம்மா, நாங்கள் களியக்காவிளை பக்கம். அக்காவுக்கு 46 வயது. மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டு மார்த்தாண்டத்தில் ஸ்கேன் எடுத்தோம். 'பைராட்ஸ் 4' என்று எழுதியிருந்தது. நாலாம் ஸ்டேஜ் என்று நினைத்து அம்மா அன்றையிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. அப்புறம் பயாப்சி எடுத்தார்கள். 'இன்வேசிவ் டக்டல் கார்சினோமா, கிரேடு 3, ஈ.ஆர். பாசிட்டிவ், பி.ஆர். பாசிட்டிவ், ஹெர்-2 2+' என்று வந்திருக்கிறது. அடுத்த வாரம் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அதுவரை எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை, போனில் படித்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு பக்கத்தில் 99 சதவீதம் பேர் பிழைக்கிறார்கள் என்று இருக்கிறது, இன்னொன்றில் 66 என்று இருக்கிறது. மைனி (அண்ணி) லட்சுமி தரு கஷாயம், முள்ளாத்த கஷாயம் என்று மலையாள வீடியோவாக அனுப்புகிறாள். துபாயில் இருக்கும் அண்ணன் இங்கிலீஷில் ஆராய்ச்சிக் கட்டுரைகளை அனுப்புகிறான். மார்பை முழுதாக எடுத்தால்தான் தப்பிக்கலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். அக்கா, 'எனக்கு ஒன்றும் தெரிய வேண்டாம், நீ எதையும் படித்துச் சொல்லாதே' என்கிறாள். நான் எதை நம்புவது? எனக்கு 39 வயது, எனக்கும் வருமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

இதைப் படித்ததும் முதல் வேலையாக அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள், பைராட்ஸ் 4 என்பது நாலாம் ஸ்டேஜ் கிடையாது. ஸ்கேனைப் பார்க்கிற டாக்டர் அந்தப் படத்தைப் பற்றித் தன் சந்தேகம் எவ்வளவு என்பதை 0 முதல் 6 வரை ஒரு எண்ணாகப் போடுகிறார், அவ்வளவுதான். 4 என்றால் 'சந்தேகமாக இருக்கிறது, பயாப்சி எடுத்துப் பார்த்துவிடுங்கள்' என்று அர்த்தம். பைராட்ஸ் 4 வாங்கிக்கொண்டு வருகிற பெண்களில் நிறையப் பேருக்கு அது புற்றுநோயாகவே இருப்பதில்லை. ஏனென்றால் 2 சதவீத சந்தேகத்திலிருந்து 95 சதவீதம் வரை எல்லாமே இந்த ஒரே எண்ணுக்குள் வருகிறது. உங்கள் அக்காவுக்குப் பயாப்சியில் 'இன்வேசிவ் டக்டல் கார்சினோமா', அதாவது பால் குழாயில் தொடங்கிச் சுற்றியுள்ள திசுவுக்குள் நுழைந்த மார்பகப் புற்றுநோய் என்று உறுதியானது வேறு விஷயம். ஆனால் அந்த 4-க்கும் ஸ்டேஜுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அதே மாதிரி கிரேடு 3 என்பது மூன்றாம் ஸ்டேஜ் இல்லை. இதை என் முன்னால் உட்காரும் குடும்பங்களில் பாதிப் பேர் தவறாகப் புரிந்துகொண்டுதான் வருகிறார்கள், படித்தவர்களும் சேர்த்துத்தான். கிரேடு என்பது மைக்ராஸ்கோப்பில் அந்த செல்கள் இயல்பான மார்பக செல்களிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன, எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்பதைச் சொல்வது. 1 முதல் 3 வரைதான் உண்டு. ஸ்டேஜ் என்பது கட்டியின் அளவு, அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா, உடம்பில் வேறு இடத்துக்குப் போயிருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்து முடிவு செய்வது. கட்டி சின்னதாக, அக்குளில் ஒன்றுமே இல்லாமல் இருக்கிற முதல் ஸ்டேஜ் பெண்ணுக்கும் கிரேடு 3 வரலாம். அக்காவின் ஸ்டேஜ் என்ன என்பதை அந்தப் பயாப்சிக் காகிதத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. அப்படியானால் இத்தனை ராத்திரி நீங்கள் 'மூன்றாம் ஸ்டேஜ்', 'நாலாம் ஸ்டேஜ்' என்று தேடிப் படித்ததெல்லாம் அக்காவைப் பற்றியதாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

மிச்சம் இரண்டு வரிகளையும் பார்த்துவிடலாம். ஈ.ஆர்., பி.ஆர். பாசிட்டிவ் என்றால் அந்தப் புற்றுநோய் செல்கள் பெண் ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு வளர்கிறவை. அந்த ஹார்மோனைத் தடுக்கிற மாத்திரைகள் இருக்கின்றன. டமாக்ஸிஃபென் அதில் பழையது, விலையும் குறைவு. ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம் வரை கொடுப்போம். ஆக அக்காவுக்குக் கூடுதலாக ஒரு மருந்து வழி இருக்கிறது, அந்த வகையில் இது நல்ல செய்தி. ஹெர்-2 என்பது சிலருடைய புற்றுநோய் செல்களின் மேல் அதிகமாக இருந்து அவற்றை வளரத் தூண்டுகிற ஒரு புரதம். 2+ என்பது இன்னும் முடிவாகாத விடை. 0 அல்லது 1+ என்றால் நெகட்டிவ், 3+ என்றால் பாசிட்டிவ், 2+ வந்தால் 'ஃபிஷ்' என்று ஒரு பரிசோதனை செய்துதான் எந்தப் பக்கம் என்று தெரியும். அது தெரியாமல் ஹெர்-2 பாசிட்டிவ் பற்றி எவ்வளவு படித்தாலும், நெகட்டிவ் பற்றி எவ்வளவு படித்தாலும், அதில் ஒரு பாதி வேறு யாருக்கோ எழுதியது.

நான் சொல்ல வருவது இதைத்தான். இணையத்தில் பொய் இருக்கிறது, அதற்கும் வருகிறேன். ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறவற்றில் முக்கால்வாசி பொய் இல்லை, உண்மைதான். அது அக்காவுக்குப் பொருந்தாத உண்மை. மார்பகப் புற்றுநோய் என்று ஒரே பெயரில் கூப்பிட்டாலும் உள்ளே அது பல நோய்கள். அதனால் ரிப்போர்ட்டில் இருப்பதைப் புரிந்துகொண்ட பிறகு தேடுங்கள். அப்புறம், ஒவ்வொரு வகைத் தகவலும் ஒரு வகைக் கேள்விக்குத்தான் பதில் சொல்லும். அக்காவின் ஆயுளைப் பற்றிய கேள்வியை வாட்ஸ்அப் வீடியோவிடமும், குடும்பத்தை எப்படிச் சமாளிப்பது என்ற கேள்வியை ஆராய்ச்சிக் கட்டுரையிடமும் கேட்டால் இரண்டுமே கைவிட்டுவிடும்.

நோயாளிகளுக்காகவே எழுதப்பட்ட பக்கங்களிலிருந்து ஆரம்பியுங்கள். அமெரிக்க அரசின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் ஒவ்வொரு புற்றுநோய்க்கும் ஒரே விஷயத்தை நோயாளிக்கு ஒரு பதிப்பு, டாக்டருக்கு ஒரு பதிப்பு என்று இரண்டாக எழுதி வைத்திருக்கிறது. உங்கள் அண்ணன் அனுப்பிய பக்கங்களில் சில டாக்டர் பதிப்பாக இருக்கலாம், படித்ததும் பயம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். நோயாளிப் பதிப்பைத் திறக்கச் சொல்லுங்கள். அமெரிக்கன் கேன்சர் சொசைட்டி, இங்கிலாந்தின் கேன்சர் ரிசர்ச் யு.கே. இரண்டும் எளிமையான இங்கிலீஷில் நன்றாக எழுதுகின்றன. நம் நாட்டில் என்ன சிகிச்சை வழக்கம் என்று பார்க்க வேண்டுமானால் நேஷனல் கேன்சர் கிரிட் என்று மும்பை டாடா மெமோரியல் முன்னின்று நடத்துகிற கூட்டமைப்பு இருக்கிறது, அவர்கள் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இலவசமாகவே கிடைக்கும். ஆனால் அது டாக்டர்களுக்கு எழுதியது, கஷ்டமாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

எந்தப் பக்கமானாலும் அடியில் போய் எப்போது திருத்தினார்கள் என்று பாருங்கள். மார்பகப் புற்றுநோயில் இது ரொம்ப முக்கியம். 2004-ல் எழுதிய ஒரு பக்கத்தில் ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் மோசமான வகை, சீக்கிரம் திரும்ப வரும் என்று இருக்கும். அன்றைக்கு அது சரி. ஆபரேஷனுக்குப் பிறகு ஹெர்-2-ஐத் தடுக்கிற டிராஸ்டுஸுமாப் ஊசி போட்டால் நோய் திரும்ப வருவது கிட்டத்தட்ட பாதியாகக் குறைகிறது என்ற ஆய்வு முடிவுகள் 2005-ல்தான் வந்தன. நம் நாட்டிலேயே அதைப் போலவே தயாரித்த மருந்து (பயோசிமிலர்) 2014-ல் சந்தைக்கு வந்து, அதற்கப்புறம்தான் நம் ஊர்ப் பெண்களில் கொஞ்சம் பேருக்காவது அது எட்டுகிற விலைக்கு வந்தது. ஸ்டேஜ் பிரிக்கும் முறையே 2018-ல் மாறியிருக்கிறது. முன்பு கட்டியின் அளவையும் நெறியையும் பரவலையும் மட்டும் பார்த்தார்கள், இப்போது கிரேடு, ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். ஒரே நோயாளியைப் பழைய பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு ஸ்டேஜும் புதிய பக்கத்தில் இன்னொரு ஸ்டேஜும் வரக்கூடும்.

99-க்கும் 66-க்கும் வருகிறேன், ராத்திரி மூன்று மணிக்கு உங்களை உட்கார வைத்திருப்பது அதுதான் என்று தெரிகிறது. இரண்டுமே சரியான எண்கள். 99 என்பது அமெரிக்காவில், நோய் மார்பைத் தாண்டாத நிலையில் கண்டுபிடிக்கப்பட்ட பெண்களுடைய ஐந்து வருடக் கணக்கு. 66 என்பது இந்தியாவில் பல இடங்களின் புற்றுநோய்ப் பதிவேடுகளைச் சேர்த்து, எல்லா ஸ்டேஜ் பெண்களையும் ஒன்றாகப் போட்ட கணக்கு. 2012 முதல் 2015 வரை நோய் கண்டவர்களைப் பின்தொடர்ந்து 2024-ல் வெளியிட்டார்கள், 66.4 சதவீதம். அதே இந்தியக் கணக்கிலேயே, நோய் மார்பைத் தாண்டாதவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 81. நம் எண் குறைவாக இருப்பதற்குப் பெரிய காரணம் நம் பெண்கள் தாமதமாக வருவதும், ஆரம்பித்த சிகிச்சையைப் பாதியில் விடுவதும். கட்டி தட்டுப்பட்ட பிறகும் வீட்டில் சொல்லாமல் மாதக்கணக்கில் மறைத்து வைத்திருக்கிற பெண்களை நான் இன்றைக்கும் பார்க்கிறேன், எனக்கு இதைவிட வருத்தம் தருவது வேறில்லை. உங்கள் அக்கா அப்படிச் செய்யவில்லை, தட்டுப்பட்டதும் காட்டியிருக்கிறாள்.

ஆனால் 99, 81, 66 எதுவுமே அக்காவைப் பற்றிய எண் இல்லை. நூறு பெண்களில் எத்தனை பேர் என்று சொல்கிற கணக்கு, அந்த நூறில் நம் ஆள் எங்கே நிற்கிறாள் என்று சொல்லாது. ஐந்து வருடக் கணக்கு என்றால் ஐந்து வருடம்தான் இருப்பார்கள் என்றும் அர்த்தம் இல்லை. இதைச் சொல்லும்போது நிறையப் பேர் முகத்தில் ஒரு தெளிவு வருவதைப் பார்க்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன். கணக்கெடுப்பவர்கள் ஒரு நாளைக் குறித்து, அன்றைக்கு எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று எண்ணுகிறார்கள். அதற்குப் பிறகு இருபது வருடம், முப்பது வருடம் வாழ்கிறவர்களும் அந்த எண்ணுக்குள்தான் இருக்கிறார்கள். ஸ்டேஜ் தெரிந்த பிறகு, கேட்கத் தோன்றினால், உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். அதுவரை இந்த எண்களைத் தேடாதீர்கள், தேடினால் கிடைக்கும், ஆனால் உதவாது.

அண்ணன் அனுப்புகிற கட்டுரைகளைப் பற்றி. பாசத்தில் செய்கிறார், தூரத்தில் இருக்கிறவருக்கு வேறு எதையும் செய்ய முடியவில்லை. ஆனால் ஒரே ஒரு ஆய்வை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது என்று அவரிடம் சொல்லுங்கள். தென்னாப்பிரிக்காவில் பெஸ்வோடா என்ற மருத்துவர், மிக அதிக அளவில் கீமோ கொடுத்து, ரத்தத்தை உண்டாக்குகிற ஸ்டெம் செல்களைத் திரும்பச் செலுத்தினால் மார்பகப் புற்றுநோயில் நல்ல பலன் என்று 1999-ல் ஒரு பெரிய மாநாட்டில் சொன்னார். அதே மாநாட்டில் வந்த மற்ற பெரிய ஆய்வுகளில் அப்படிப் பலன் தெரியவில்லை. 2000-ல் மற்ற நிபுணர்கள் நேரில் போய் அவருடைய ஆவணங்களைச் சரிபார்த்தபோது அந்த ஆய்வு மோசடி என்று தெரிந்தது. இந்த மாதிரி மோசடி அபூர்வம், ஆனால் ஒற்றை ஆய்வில் கண்டது அடுத்த ஆய்வில் காணாமல் போவது அடிக்கடி நடப்பதுதான்.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது, உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அதுதான் பதில். மார்பை முழுதாக எடுப்பதா, கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுப்பதா என்று அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியில் உம்பெர்ட்டோ வெரோனேசியும் தனித்தனியாக ஆய்வு நடத்தினார்கள். சேர்ந்த பெண்களை இருபது வருடம் பின்தொடர்ந்து 2002-ல் இருவருமே முடிவை வெளியிட்டார்கள். உயிர் பிழைப்பதில் இரண்டு முறைக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டு நாடு, இரண்டு குழு, இருபது வருடம், ஒரே விடை. இந்த மாதிரி விஷயத்தை நம்பலாம். கட்டி பெரிதாக இருந்தாலோ, ஒரே மார்பில் பல இடங்களில் இருந்தாலோ முழுதாக எடுக்கச் சொல்வார்கள், அது வேறு. ஆனால் முழுதாக எடுத்தால்தான் உயிர் என்று அக்காவை யாரும் பயமுறுத்த வேண்டாம். இதை டாக்டரிடம் நேரடியாகவே கேளுங்கள், 'கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா, போதாது என்றால் ஏன்?' என்று.

பத்திரிகை, டிவி செய்திகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு' என்று வந்தால் அது எலியிலா, சோதனைக் கிண்ணத்தில் வளர்த்த செல்லிலா, மனிதரிலா என்று பாருங்கள். கிண்ணத்தில் இருக்கிற புற்றுநோய் செல்லைக் கொல்கிற பொருள்கள் ஏராளம், உடம்புக்குள் போய் அதைச் செய்பவை மிகக் கொஞ்சம். சதவீதத்தைக் கண்டாலும் நின்று கேளுங்கள். மாதவிடாய் நின்ற பெண்கள் எடுக்கும் ஹார்மோன் மாத்திரையால் மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடுகிறது என்று 2002-ல் உலகம் முழுக்கச் செய்தி வந்தது. உண்மைதான், ஆனால் ஆள் கணக்கில் பார்த்தால் ஒரு வருடத்தில் பத்தாயிரம் பெண்களில் 30 பேருக்கு வந்தது 38 ஆனது. 26 என்று கேட்டால் வருகிற பயமும் எட்டுப் பேர் என்று கேட்டால் வருகிற பயமும் ஒன்றில்லை.

ஆஸ்பத்திரிகளின் தளங்களில் நோய் விளக்கம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எங்களிடம்தான் இந்த மெஷின் இருக்கிறது, உடனே பதிவு செய்யுங்கள் என்று முடிகிற பகுதியை விளம்பரமாக எடுத்துக்கொள்ளுங்கள். போனில் இருக்கிற ஏ.ஐ. செயலியிடம் ரிப்போர்ட்டைக் காட்டி அர்த்தம் கேட்கிறவர்கள் இப்போது அதிகம். ஒரு சொல்லின் அர்த்தம் தெரிந்துகொள்ள, டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தயார் செய்ய அது உதவும். ஆனால் அது தெரியாததையும் தெரிந்தது மாதிரி சரளமாகச் சொல்லும், இல்லாத ஆய்வுக்கும் பெயர் கொடுக்கும். அதனால் சிகிச்சை முடிவை அதை வைத்து எடுக்காதீர்கள், ரிப்போர்ட்டைப் போடும்போது அக்காவின் பெயரையும் ஆஸ்பத்திரி எண்ணையும் மறைத்துவிடுங்கள்.

நோயைக் கடந்து வந்த பெண்கள் எழுதுவதும் பேசுவதும் தனி வகை. இதை நான் மிகவும் மதிக்கிறேன். டாக்டர்களான எங்களுக்குச் சொல்லத் தோன்றாதது, சொல்ல நேரமில்லாதது எல்லாம் அங்கே இருக்கும். சிவப்பு நிறக் கீமோ மருந்து ஏறிய பிறகு மூத்திரம் சிவப்பாகப் போகும், பயப்படாதே என்பார்கள். வாய் கசக்கும்போது எது இறங்கும், முடி கொட்ட ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே குட்டையாக வெட்டிக்கொண்டால் மனசுக்கு எப்படி இருக்கும், ஆபரேஷன் பக்கத்துக் கையைத் தூக்கும் பயிற்சியை எப்படிப் பழகுவது, ஆபரேஷன் காயத்தில் நீர் வடிய வைக்கிற டிரெயின் குழாயோடு எப்படி நைட்டி போடுவது, பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்றெல்லாம் அவர்கள்தான் சொல்ல முடியும். அதற்காக அவர்களைக் கேளுங்கள். மருந்தை ஒப்பிடாதீர்கள். அவருக்கு கீமோ கிடையாது, நமக்கு மட்டும் ஏன், அவருக்கு நாலு, நமக்கு ஏன் எட்டு என்று ஆரம்பித்தால் முடிவே இல்லை. அவருடைய ஈ.ஆர்., ஹெர்-2, ஸ்டேஜ் வேறு. இன்னொன்று, ஓரளவு எளிதாகக் கடந்து வந்து வழக்கமான வாழ்க்கைக்குத் திரும்பியவர்களில் நிறையப் பேர் எதுவும் எழுதுவதில்லை. அதிகம் கஷ்டப்பட்டவர்களும் ரொம்ப நன்றாக வந்தவர்களும்தான் எழுதுகிறார்கள்.

இனி மைனி அனுப்பும் வீடியோக்கள். எல்லையின் இரண்டு பக்கமும் லட்சுமி தரு என்கிற மரத்தின் இலைக் கஷாயமும், முள்ளாத்த என்று மலையாளத்தில் சொல்கிற முள் சீத்தாப் பழமும் இலையும் வீட்டுக்கு வீடு பேசப்படுகின்றன. என்னிடம் வருகிறவர்களில் குடிக்காமல் வருகிறவர்கள் குறைவு. இவை மனிதர்களுக்கு மார்பகப் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று காட்டிய ஒரு ஆய்வும் கிடையாது, கிண்ணத்திலும் எலியிலும் செய்த ஆய்வுகள்தான். முள் சீத்தாவை அதிகம் சாப்பிடுகிற, அதன் இலையைக் காய்ச்சிக் குடிக்கிற கரீபியன் தீவான குவாதலூப்பில் பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் அதிகம் இருப்பதை 1999-லேயே மருத்துவர்கள் கவனித்து எழுதினார்கள். அந்தச் செடியில் உள்ள ஒரு பொருள் நரம்பு செல்களைப் பாதிக்கலாம் என்ற சந்தேகம் இன்றும் இருக்கிறது. ஒரு நாள் ஒரு துண்டு பழம் சாப்பிட்டதற்குப் பயப்பட வேண்டாம். தினமும் இலைக் கஷாயம் வேண்டவே வேண்டாம், கீமோ நடக்கும்போது கல்லீரலுக்கு இருக்கிற வேலையே போதும்.

என் உண்மையான பயம் கஷாயத்தைப் பற்றியதல்ல, 'முதலில் மூன்று மாதம் இதைக் குடித்துப் பார்ப்போம், சரியாகவில்லை என்றால் ஆஸ்பத்திரி' என்கிற யோசனையைப் பற்றியது. அமெரிக்காவில் 2018-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், பரவாத நிலையில் இருந்தும் வழக்கமான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்தெடுத்த மார்பகப் புற்றுநோய்ப் பெண்களுக்கு, சிகிச்சை எடுத்தவர்களைவிட இறக்கும் அபாயம் ஐந்து மடங்குக்கும் மேல் இருந்தது. குணமாகக் கூடிய நோயைக் குணமாகாத நோயாக ஆக்குவது இந்த மூன்று மாதங்கள்தான். மைனியிடம் கோபப்படாதீர்கள், அவளும் அக்காவுக்காகத்தான் தேடுகிறாள். ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள். புற்றுநோயைக் குணப்படுத்துவேன் என்று விளம்பரம் செய்வது நம் நாட்டில் 1954-லேயே போட்ட சட்டப்படி குற்றம். அப்படி விளம்பரம் செய்து பாட்டில் விற்கிறவர் சட்டத்தை மீறித்தான் விற்கிறார்.

வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றுகிற மற்றவற்றுக்கு ஒரு வரியில் பதில். பயாப்சி ஊசி குத்தினால் பரவும் என்பது தவறு, அது இல்லாமல் சரியான மருந்தையே தேர்ந்தெடுக்க முடியாது. பிரா போடுவதால் வராது, அதையும் ஆய்வு செய்து 2014-ல் சம்பந்தமில்லை என்று எழுதிவிட்டார்கள். சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினியால் சாகும் என்பதும் நடக்காது, உடம்பின் எல்லா செல்லுக்கும் குளுக்கோஸ் வேண்டும். அந்த வீடியோவைப் பார்த்துச் சோற்றையும் கிழங்கையும் நிறுத்தி, எடை இறங்கி, கீமோவைத் தள்ளிப்போட வேண்டி வந்தவர்கள் உண்டு. அக்கா சோறு, மீன், முட்டை, பயறு என்று வழக்கமாகச் சாப்பிடட்டும், அம்மாவும் கூட உட்கார்ந்து சாப்பிடட்டும்.

அக்கா படிக்க மாட்டேன் என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது அவளுடைய உரிமை. சிலருக்கு எல்லாம் தெரிந்தால்தான் தைரியம் வரும், சிலருக்கு அடுத்த அடி மட்டும் தெரிந்தால் போதும். நீங்கள் படித்ததை அவள் கேட்காமல் சொல்லாதீர்கள், முகத்தில் காட்டாமலும் இருக்கப் பாருங்கள். ஆனால் சிகிச்சை முடிவு அவளுடையது, அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு நீங்களும் அத்தானும் மட்டும் டாக்டரிடம் பேசுவது வேண்டாம். 'எவ்வளவு தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறாய், மிச்சத்தை யாரிடம் சொல்லச் சொல்லட்டும்?' என்று அவளிடமே கேட்டு, அதை டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். அவர்கள் அதற்குத் தகுந்த மாதிரி பேசுவார்கள்.

உங்களுக்கு வருமா என்று கேட்டீர்கள். மார்பகப் புற்றுநோயில் 5 முதல் 10 சதவீதம்தான் பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறால் வருவது. அக்காவுக்கு 50 வயதுக்குள் வந்திருப்பதால் மரபணுப் பரிசோதனை வேண்டுமா என்று அவளுடைய டாக்டரிடம் கேட்கலாம். முதலில் செய்வது அக்காவுக்கு, அதில் ஏதாவது இருந்தால்தான் உங்களுக்கு. அம்மா வழியில், அப்பா வழியில் யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ வந்திருந்தால் அதையும் எழுதிக் கொண்டுபோங்கள், அப்பா வழியும் கணக்கில் உண்டு. இணையத்தில் வயதைப் போட்டால் ஆபத்தைச் சொல்கிற கணிப்பான்கள் பெரும்பாலும் வெளிநாட்டுப் பெண்களை வைத்துச் செய்தவை, அதை விட்டுவிடுங்கள். ஒரு டாக்டரிடமோ பயிற்சி பெற்ற நர்ஸிடமோ கையால் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசுத் திட்டப்படி 30 வயது முதல் 65 வரை உள்ள பெண்களுக்கு இது இலவசம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். இந்தக் கைப் பரிசோதனை பயன்படுகிறதா என்று 2006-ல் தொடங்கித் திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே ஆய்வு நடந்திருக்கிறது, பரிசோதனை செய்த பகுதிகளில் நோயை ஆரம்ப நிலையிலேயே அதிகம் கண்டுபிடித்தார்கள். மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரேயை எப்போது ஆரம்பிப்பது என்பதை அக்காவின் முடிவுகள் வந்த பிறகு பேசி முடிவு செய்யலாம்.

அடுத்த வாரப் பயணத்துக்கு இரண்டு மூன்று விஷயங்கள். பணத்தைப் பற்றி இணையத்தில் படிக்கும்போது கவனம், மலையாளப் பக்கங்களில் வருகிற காருண்யா திட்டம் கேரளக் குடும்பங்களுக்கானது. உங்கள் ரேஷன் கார்டு தமிழ்நாட்டுடையது என்றால் நீங்கள் பார்க்க வேண்டியது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. எந்த ஆஸ்பத்திரியில் எந்தச் சிகிச்சைக்கு அது செல்லும் என்பதை நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்திலும், போகிற ஆஸ்பத்திரியிலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அங்கே டாக்டர் மலையாளத்தில் வேகமாகச் சொல்லிக்கொண்டு போனால் தயங்காமல் நிறுத்திக் கேளுங்கள். மலையாளம் நன்றாகப் புரிகிறவர் ஒருவர் கூட வரட்டும், ஒருவர் கேட்க, இன்னொருவர் நோட்டில் எழுத. இதுவரை படித்ததிலிருந்து கேள்விகளைச் சுருக்கி ஒரு பக்கத்துக்குள் எழுதிக்கொள்ளுங்கள், முதல் கேள்வி ஸ்டேஜ் என்ன என்பதாகவும் இரண்டாவது ஃபிஷ் பரிசோதனை எப்போது என்பதாகவும் இருக்கட்டும்.

பயாப்சி செய்த லேபுக்கு இன்றைக்கே போய் மைக்ராஸ்கோப்பில் பார்த்த ஸ்லைடுகளையும், எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கிற மெழுகு பிளாக்கையும் கேளுங்கள். காகித ரிப்போர்ட் மட்டும் போதாது. பெரிய ஆஸ்பத்திரிகளில் அவர்களுடைய டாக்டர்கள் ஸ்லைடை மறுபடி பார்ப்பார்கள், ஃபிஷ் பரிசோதனையையும் அந்த பிளாக்கிலிருந்தே செய்யலாம், அக்காவுக்கு இன்னொரு தடவை ஊசி குத்த வேண்டி வராது. ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, அக்காவின் அடையாள அட்டை நகலோடு கேட்டால் தருவார்கள். வெயில் படாமல் ஒரு சின்னப் பெட்டியில் வைத்து, கைப்பையிலேயே கொண்டுபோங்கள்.